கோயிலுக்கு இரண்டு வாசல்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் வீராம்பட்டினம் என்ற மீனவர் கிராமத்தை, ஆடி மாதத்தில் அங்கே நடக்கும் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவினாலும், பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அந்தத் தேரைக் கவர்னரே வந்து வடம் பிடித்து இழுத்தார் என்ற பழம் பெருமையினாலும் அறிந்தவர்கள் பலர். அதே ஊர், சென்ற நூற்றாண்டு முடியும் தறுவாயில், தேருக்கும் திருவிழாவுக்கும் சம்பந்தமில்லாத வேறொரு காரியத்தினால் தூர தேசத்துப் பத்திரிகைகளில் பேர் பெற்றது என்பதை அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

அந்தக் காரியம் பார்ப்பதற்கு மிகவும் சாதாரணமானது. கடற்கரையை ஒட்டி ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டிருந்தன, அவ்வளவுதான். ஒலிபெருக்கி என்ற வஸ்து நமக்குப் புதிதன்று. கல்யாணம், காதுகுத்து, கூழ் வார்த்தல், கட்சிக் கூட்டம் ஆகிய சகல வைபவங்களிலும் அது நம் காதைத் துளைத்துவிட்டுத்தான் ஓய்கிறது. ஆனால் வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி பாட்டுப் பாடவில்லை. வாக்குக் கேட்கவும் இல்லை. அடுத்த 24 மணி நேரத்தில் கடலில் அலை எத்தனை உயரத்துக்கு எழும்பும், காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசும் என்பதை, வலையைப் பிரித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்த மனிதர்களுக்கு, அவர்கள் வேலையை விட்டு எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல், அவர்கள் பேசும் தமிழிலேயே சொல்லிற்று.

அந்தச் சேதி வந்து சேர்ந்த வழிதான் விசித்திரமானது. வங்காள விரிகுடாவின் அலை உயரத்தைக் கணித்தது அமெரிக்கக் கடற்படை. தன் கப்பல்களின் உபயோகத்துக்காக அது கணித்து இணையத்தில் போட்டு வைத்திருந்ததை, வில்லியனூரில் இருந்த ஒரு சிறு அலுவலகத்தில், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியில் இறக்கிக்கொண்டார்கள். வில்லியனூரிலிருந்து கிராமங்களுக்கு அக்காலத்தில் நம்பத்தகுந்த தொலைபேசி இணைப்பு கிடையாது. ஆகையால் போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போன்ற கம்பியில்லா ரேடியோக் கருவியின் மூலம் சேதி கடற்கரைக்குப் போயிற்று. அங்கே, மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் என்பதற்காகச் சூரிய வெளிச்சத்தில் ஓடும்படி அமைத்திருந்த கணிப்பொறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அதை வாங்கி ஒலிபெருக்கியில் சொன்னார். இப்படியாக, போர்க் கப்பல்களுக்கென்று போட்ட கணக்கு, ஒரு கட்டுமரக்காரர் அன்றைக்கு வலையைத் தூக்கித் தோளில் போடலாமா, அல்லது மடித்து வைத்துவிட்டு வெற்றிலை போடலாமா என்பதைத் தீர்மானிப்பதாயிற்று.

இதில் நான் வாசகர்களின் கவனத்தை இழுக்க விரும்பும் அம்சம் ஒன்று உண்டு. அந்தக் கட்டுமரக்காரர் கணிப்பொறியைத் தொட்டதில்லை. அதன் விசைப்பலகை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிர்ப்பந்தமும் அவருக்கு இல்லை. ஆயினும், அக்காலத்தில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வீட்டில் கணிப்பொறி வாங்கி வைத்து, அதன்மேல் பூத்தையல் போட்ட உறையை மூடி, விருந்தாளி வந்தால் மட்டும் திறந்து காட்டிக்கொண்டிருந்த எத்தனையோ கனவான்களைக் காட்டிலும், இணையத்தின் பிரயோஜனத்தை முழுமையாக அடைந்தவர் அவரே.

‘டிஜிட்டல் இடைவெளி’ என்ற சொற்றொடர் 1990-களின் நடுவில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. தொலைபேசியும் கணிப்பொறியும் உள்ள வீடுகள் ஒரு பக்கம், இல்லாத வீடுகள் மறுபக்கம் என்று அந்நாட்டு அரசாங்கத்தின் வணிகத் துறை கணக்கெடுத்து அறிக்கைகள் வெளியிட்டதிலிருந்து அந்த எண்ணம் வேரூன்றிற்று. பிறகு அது உலகக் கணக்காயிற்று. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகத்தில் 550 கோடி ஜனங்கள் இணையத்தைப் பயன்படுத்தினார்கள். 260 கோடி ஜனங்கள் அப்போதும் வெளியே நின்றார்கள். கணக்கு பிழையானதன்று. ஆனால், எதை எண்ணுவது சுலபமோ அதைத்தான் கணக்கெடுப்பவர்கள் எண்ணுகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கருவியை எண்ணலாம், இணைப்பை எண்ணலாம். வீராம்பட்டினத்துக் கட்டுமரக்காரரை இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? கருவி இல்லாதவர் என்று தள்ளிவிட்டால், சேதி கிடைத்தவரைத் தள்ளினவர்களாவோம். அதேபோல், பையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, அதில் வந்த குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்ல ஆள் தேடித் தெருவில் நிற்கும் முதியவரை இணைந்தவர் என்று சேர்த்துக்கொண்டால், அதுவும் நியாயமாகாது.

வீராம்பட்டினத்து ஏற்பாடு தனியாக முளைத்ததன்று. வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் சென்னைத் தரமணியில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் பொருளுதவியுடன், 1998-இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் ஓர் அங்கம் அது. அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதியும் பேசியும் உலகம் அறியச் செய்தவர்களில் தகவல் விஞ்ஞானி சுப்பையா அருணாசலம் முக்கியமானவர். திட்டக்காரர்கள் முதலில் கணிப்பொறி வாங்கப் புறப்படவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கிராமத்து ஜனங்களுக்கு இப்பொழுது சேதி எங்கிருந்து கிடைக்கிறது என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். உரக்கடைக்காரர், சந்தையில் சந்திக்கும் ஆள், வசதி படைத்த பண்ணையாரின் காரியஸ்தர் என்று விடை வந்தது. அதாவது, விலை சொல்கிறவரிடமே விலையைப் பற்றிய தகவலையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் நம் உழவர்கள். அந்த நிலையில் அவர்களுக்கு எது தெரிய வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டு, கேட்டவற்றைத் திரட்டி வைப்பது என்று தீர்மானித்த பிறகே இயந்திரங்கள் வந்தன. உழவர் ஊர் நெல் விலையைக் கேட்டது. மீனவர் ஊர் அலையைக் கேட்டது. எல்லா ஊர்களும், அரசாங்கத்தார் ஏழைகளுக்கென்று என்னென்ன உதவிகள் வைத்திருக்கிறார்கள், அவற்றுக்குரியவர்களின் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைக் கேட்டன. இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை பகிரங்கமாவதில் சில இடங்களில் சிலருக்குச் சங்கடம் உண்டாகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

மையம் அமைக்க ஊரார் ஒரு பொது இடத்தை இலவசமாகத் தர வேண்டும்; அங்கே ஜாதி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் வந்து போக வேண்டும்; நடத்துகிறவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். இவை திட்டக்காரர்கள் விதித்த நிபந்தனைகள். காகிதத்தில் எழுதுவதற்கு மூன்று வரிகள்; கிராமத்தில் நிறைவேற்றுவதற்கு எவ்வளவு சிரமம் என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வில்லியனூருக்கு அப்பால் உள்ள ஏம்பலம் என்ற ஊரில் இந்த நிபந்தனைகள் கண்ட விடை வேடிக்கையும் ஆழமும் உடையது. ஊரார் தந்த பொது இடம், சுமார் நூறு வயதான ஒரு சிறு கோயிலின் ஒரு பகுதி. அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல்கள். ஒரு வாசல் வழியாகச் சந்நிதிக்குப் போகலாம். ஆனால் தாழ்த்தப்பட்ட வகுப்பாரும் தூரமான பெண்களும் அந்தப் படியை மிதிக்கக் கூடாது என்ற பழைய விதி அப்படியே இருந்தது. மற்றொரு வாசல் வழியாகக் கணிப்பொறி இருந்த அறைக்குப் போகலாம். அங்கே யாரும், எந்த நாளிலும் நுழையலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்தார்கள். ஒரே கூரை, ஒரே சுவர், இரண்டு தர்மங்கள்!

இதைக் கேட்டவுடன், கணிப்பொறி வந்து ஜாதியை ஒழித்துவிட்டது என்று சிலர் கை தட்டினார்கள். அப்படி ஒன்றும் ஒழிந்துவிடவில்லை. முதல் வாசலின் விதி மாறியதாக யாரும் சொல்லவில்லை. இரண்டாம் வாசல் திறந்ததற்குக் காரணம், இயந்திரத்திடம் இருந்த ஏதோ ஒரு தெய்விக சக்தியும் அன்று. இயந்திரம் வேண்டுமானால் இந்த நிபந்தனையை ஏற்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால், கணிப்பொறியும் நம் ஊர்க் கிணறுகளைப் போலவே ஒரு தெருவின் சொத்தாக ஆகியிருக்கும்.

ஏம்பலத்து மையத்தில் நெல் விலையிலிருந்து அன்றைய நல்ல நேரம் வரையில் விசாரிக்க முடிந்தது. அதே திட்டத்தைச் சேர்ந்த கீழூரில் நடந்ததாக 2000-ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்த சம்பவத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாள். குடும்பத்துக்கு நல்ல வருமானம் தருவதாக இருந்தது ஒரே ஒரு கறவைப் பசு. அது கன்று ஈன முடியாமல் ஐந்து நாள் இரவும் பகலும் கதறிற்று. பசு பிழைக்காது என்ற பேச்சு தெருவில் பரவி மையத்தை எட்டியது. அங்கே இருந்த தொண்டர், சுற்று வட்டாரத்துக் கால்நடை மருத்துவர்களின் பட்டியலைக் கணிப்பொறியில் எடுத்துப் பார்த்து ஆளனுப்ப, அன்றிரவே மருத்துவர் ஒருவர் வந்து, ஒற்றை மின்விளக்கின் வெளிச்சத்தில், கன்றின் காலில் கயிற்றைக் கட்டி வெளியே இழுத்துத் தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தார். மருத்துவர் பட்டியல் என்பது பெரிய விஞ்ஞானம் அன்று. ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கலாம். ஆனால், அந்த நோட்டுப் புத்தகத்தை எழுதி வைப்பதும், ராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிறவருக்கு எடுத்துப் படித்துச் சொல்வதும் தன் வேலை என்று நினைக்கும் ஓர் ஆள் அதற்கு முன்பு அந்த ஊரில் இல்லை. கணிப்பொறி வந்ததனால் அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

இவ்வளவும் நடந்த காலத்தில், கணிப்பொறியில் தமிழ் எழுத்தைக் காண்பதே ஒரு தவமாக இருந்தது என்பதை இக்காலத்து இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். ஒருவர் ஓர் எழுத்துருவில் அடித்து அனுப்பினதை, அதே எழுத்துரு இல்லாத மற்றொருவர் திறந்தால், மந்திரவாதியின் தகடு மாதிரி என்னென்னவோ குறிகள் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித்தான் ‘தமிழ்99’ என்ற பொது விசைப்பலகை முறை உருவாயிற்று. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தபோதிலும், சாதாரணக் கணிப்பொறியில் அது தானாகவே தெரிவதற்கு விண்டோஸ் 2000 வர வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் குழந்தைகூடத் தமிழில் தட்டுகிறது. பாஷையின் மதில் இடிந்தது உண்மை. ஆனால் எழுத்து தெரிகிறது என்பதும் சொல்வது விளங்குகிறது என்பதும் ஒன்றல்ல. அரசாங்க இணையதளங்களில் காணும் தமிழைப் படித்துப் பார்த்தவர்கள், அது எந்தத் தேசத்துத் தமிழ் என்று வியந்திருப்பார்கள்.

இனி நல்லவாடு. அதுவும் புதுச்சேரிக் கடற்கரையில் உள்ள மீனவர் ஊர். அங்கும் மேற்சொன்ன திட்டத்தின் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் கடிகாரப்படி காலை 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. தமிழ்க் கரையை அலை எட்டுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இந்த இரண்டு மணி நேரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. சேதி இல்லாமலில்லை, உலகத்தின் பல நிலையங்களில் முள் ஆடிற்று, எண்கள் பதிவாயின, தொலைக்காட்சிகளில் செய்தி ஓடிற்று. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடலூரிலும் கடற்கரையில் நின்ற ஜனங்களுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

நல்லவாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த இளைஞர் ஒருவர் அங்கே செய்தியைக் கேட்டுவிட்டு, ஊரில் உள்ள தம் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்த சகோதரி, வீட்டுக்குள் கடல் தண்ணீர் வருகிறது என்று சொல்ல, உடனே வெளியேறும்படியும் ஊராருக்குச் சொல்லும்படியும் அவர் எச்சரித்தார். ஞாயிற்றுக்கிழமையாதலால் மையம் பூட்டிக் கிடந்தது. ஊரார் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள், ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கூவினார்கள், சங்கை ஒலிக்கவிட்டார்கள். சுமார் 500 குடும்பங்கள், ஏறக்குறைய 3,600 பேர், ஊரை விட்டு ஓடினார்கள். அலை வந்து சுமார் 150 வீடுகளையும் 200 படகுகளையும் நாசம் செய்துவிட்டுத் திரும்பியபோது, நல்லவாட்டில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இந்தச் சம்பவத்தைத் தகவல் தொழில்நுட்பத்தின் வெற்றியென்று கூட்டங்களில் எடுத்துச் சொல்வதுண்டு. வெற்றிதான், ஆனால் எதனுடைய வெற்றி? அந்தக் காலையில் நல்லவாட்டு மையத்தின் கணிப்பொறி ஒன்றுமே செய்யவில்லை. இணையம் வாயே திறக்கவில்லை. வேலை செய்தவை ஒரு சாதாரணத் தொலைபேசியும், ஓர் ஒலிபெருக்கியும், இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பூட்டை உடைத்த கைகளுமே. அந்தக் கைகளுக்கு அந்தப் பூட்டை உடைக்கலாம் என்ற தைரியம் எப்படி வந்தது? பல ஆண்டுகளாகத் தினந்தோறும் அந்த அறையிலிருந்துதான் அலைச் சேதி வந்துகொண்டிருந்தது. கடலைப் பற்றிய வார்த்தை அந்தக் குரலில் வந்தால் நம்பலாம் என்ற பழக்கம் ஊறிப்போயிருந்தது. அந்த அறை சர்க்காருடையதோ நிறுவனத்தாருடையதோ அன்று, தங்களுடையது என்று ஊரார் எண்ணியிருந்தார்கள். சர்க்கார் கட்டடமாக இருந்திருந்தால், சாவியை வைத்திருக்கும் சிப்பந்தியின் வீட்டைத் தேடிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பொதுவான ஒரு கருவி, அதைப் பொறுப்பாக நடத்தும் ஒரு மனிதர் என்ற இந்த ஏற்பாடு நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னை நகரசபையார் 1930-இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஊர் முழுவதையும் கேட்கச் செய்தார்கள். பின்னர் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. மாலையில் தெரு விளக்கு ஏற்றும் வேளையில் அதைத் திருப்பிவிடுவது ஒருவருடைய உத்தியோகம். பூங்காவின் சிமிட்டித் திண்ணையில் உட்கார்ந்து வயலும் வாழ்வும் கேட்ட தலைமுறையில் நானும் ஒருவன். அதற்குப் பின், சாம் பிட்ரோடாவின் யோசனையில் 1984-இல் அமைந்த தொலைத்தொடர்பு வளர்ச்சி மையம், நம் வெயிலுக்கும் தூசுக்கும் தாங்கும் சிறு தொலைபேசி நிலையங்களைக் கிராமங்களுக்காக வடிவமைத்துத் தந்தது. மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய கூண்டுகள் சந்துக்குச் சந்து முளைத்தன. அந்தக் கூண்டுகளில் பலவற்றை நடத்தியவர்கள் உடல் ஊனமுற்றவர்கள். துபாயில் இருக்கும் மகனுக்கு எண் சுழற்றிக் கொடுத்து, ‘மீட்டர் ஓடுதும்மா, சீக்கிரம் பேசுங்க’ என்று சொல்லி, பேசி முடித்து அழுகிறவளுக்குத் தண்ணீரும் கொடுத்த அந்தக் கடைக்காரரை எந்தப் புள்ளிவிவரமும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எல்லா ஏற்பாடும் நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2001-ஐ ஒட்டி, மதுரைக்கு அருகே மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, கம்பியில்லா இணைப்பைக் கொண்டு பல கிராமங்களில் இணையக் கடைகள் வைத்தன. தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பலாம். கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்கலாம். கடைக்காரர் தம் வருமானத்தைத் தாமே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன. வரும்படி செலவுக்குப் போதவில்லை; ஒத்துழைத்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனபின் விண்ணப்பங்களுக்கு மறுமொழி வருவது குறைந்தது; மறுமொழி வராத கடைக்கு யார் காசு கொடுத்துப் போவார்கள்? குடியானவருக்குச் சான்றிதழ் வாங்கித் தருவது பொதுநலம் என்றால், அதைச் செய்கிறவருடைய கூலியும் பொதுப் பணத்திலிருந்து வருவதுதானே கிரமம்? தபால்காரரின் சம்பளத்தை அவர் கொண்டுவரும் கடிதங்களிலிருந்து கழித்துக்கொள்ளும்படி யாரும் சொன்னதில்லை.

பிறகு கைப்பேசி வந்து பொதுக் கருவிகளையெல்லாம் துடைத்தெறிந்தது. அதைப் பழிப்பது என் உத்தேசமன்று. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி சொன்னதை இன்று மீனவருடைய சட்டைப் பையே சொல்கிறது. சுவாமிநாதன் நிறுவனம் நடத்திவரும் மீனவ நண்பன் செயலியைத் திறந்தால், அலையும் காற்றும் மட்டுமின்றி, கடல் எல்லை நெருங்கும் எச்சரிக்கையும் கிடைக்கிறது. ராமேசுவரத்துப் படகுக்காரருக்கு அந்த எச்சரிக்கையின் விலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கருவி அவரவர் கைக்கு வந்ததும், நடுவே இருந்த மனிதர் தேவையில்லை என்று எல்லோரும் எப்படியோ முடிவு கட்டிவிட்டார்கள். வங்கியில், மின்சார அலுவலகத்தில், ரயில் நிலையத்தில், ‘ஆன்லைனில் போட்டுக்கொள்ளுங்கள்’ என்பது பதிலாகிவிட்டது. கருவி இல்லாதவருக்கும் இருப்பவருக்கும் நடுவே இருந்த பழைய பள்ளம் தூர்ந்துகொண்டிருக்கும்போதே, கருவியைத் தாமே நடத்தத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே புதிய பள்ளம் ஒன்று வெட்டப்படுகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் இது பிரத்தியட்சமாகத் தெரிந்தது. 2011 முதலே தமிழ்நாட்டு அரசு மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழங்கிவந்திருந்தது. கல்வித் தொலைக்காட்சியும் 2019-லேயே தொடங்கியிருந்தது. இந்தியாவில் பல மாநிலங்களைவிட நாம் நல்ல நிலையில்தான் இருந்தோம். அப்படியிருந்தும், பள்ளிகள் ஒன்றரை ஆண்டு பூட்டிக் கிடந்த பிறகு, சின்னக் குழந்தைகள் எழுத்தை மறந்துவிட்டார்கள் என்று கண்டபோது, அரசு எதை நாடியது? 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருவிலேயே ஒரு பாயை விரித்து, குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து, அ, ஆ என்று மீண்டும் ஆரம்பித்தார்கள்.

போன மாதம் என் சொந்த ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு சான்றிதழுக்காகப் பக்கத்து டவுனில் உள்ள சேவை மையம் ஒன்றில் அரை நாள் காத்திருக்க நேர்ந்தது. எனக்கு முன்னால் ஓர் ஆயா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதியோர் பென்ஷன் இரண்டு மாதமாக வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருந்தார். மையத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான். விரலை வைக்கச் சொன்னாள். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. ஈரத் துணியால் ஆயாவின் விரலைத் துடைத்து மறுபடியும் வைத்தாள், மறுபடியும் சிவப்பு. ஆட்காட்டி விரல், நடு விரல், கட்டை விரல் என்று வலக் கை முடிந்து இடக் கைக்கு வந்தாயிற்று. ‘நாத்து நட்டு நட்டு ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு ஆயா’ என்றாள் அந்தப் பெண். ‘தேயாம என்னா பண்ணும்?’ என்றார் ஆயா, குற்றம் இயந்திரத்தின்மேல் அல்ல என்பதுபோல.

ஓ.டி.பி. வழியாகப் பார்க்கலாம் என்றால், அந்த எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனுடைய கைப்பேசிக்குப் போகும். பெண் தன் சொந்த போனிலிருந்து அவனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஷிப்டில் இருப்பான். அரை மணி கழித்து மறுபடியும் கூப்பிட்டாள், எடுத்தான், ஆனால் அவன் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது என்று திரையில் வந்துவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது, விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கமிஷன்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆயாவுக்காகச் செலவிட்ட முக்கால் மணி நேரத்துக்கு அவளுக்கு ஒரு காசு கிடைத்திராது.

‘சாயங்காலம் அவரு ரூமுக்கு வந்ததும் பேசுறன்னாரு. நாளைக்கு வாங்க ஆயா’ என்று சொல்லி, என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் அதை வாங்கி நாலாக மடித்து முந்தானை முடிச்சில் வைத்துக்கொண்டார். வாசற்படி வரையில் போனவர் திரும்பி வந்து, மேஜைமேல் கையூன்றிக்கொண்டு கேட்டார்:

‘நாளைக்கு நீதான இருப்ப?’

‘நான்தான் இருப்பன் ஆயா. பத்து மணிக்கு மேல வாங்க’ என்றாள் அந்தப் பெண். சொல்லிக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினாள், காகிதங்களை வாங்கிக்கொள்ள.